உமாமகேஸ்வரியின் திருப்புதல் அட்டைகள்

சுரக்குடி தெட்சிணாமூர்த்திக்குக் கோபம் வந்தால் கையில் கிடைத்ததுதான் ஆயுதம். மகள் உமாமகேஸ்வரி பத்தாவது படித்த வருஷம் அவர் கைக்குக் கிடைத்தது மாட்டுக் கயிறு. உலை பொங்கி வழிந்து அடுப்பையே அணைத்துவிட்டிருந்தது. பெண்ணோ நூலகத்துப் புத்தகத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதுகிலும் தொடையிலுமாக விளாசித் தள்ளிவிட்டு, புத்தகத்தை இரண்டாகக் கிழித்து, அணைந்த அடுப்பை அதை வைத்தே மறுபடி மூட்டினார். குறுக்கே வந்த பாவத்துக்கு அம்மாவுக்கும் இரண்டு விழுந்தது.

அடி வாங்குவது அந்த வீட்டில் புதிதில்லை. பல வருஷம் கழித்து அவளை உறுத்தியது வேறு. கயிற்றின் முடிச்சு எங்கெங்கே பட்டது என்று இன்றைக்கும் விரல் வைத்துக் காட்டுவாள். ஆனால் எரிந்துபோன நாவலில் என்ன இருந்தது? தலைப்பு போய்விட்டது. எழுதியவர் பெயர் போய்விட்டது. யாரோ ஒருத்தி படகுத்துறையில் நின்றாள் என்பது மட்டும் மங்கலாக நிற்கிறது. இது என்ன நியாயம் என்று அவளுக்கு எரிச்சல் வரும். அடித்தவனுக்கு மண்டைக்குள் பட்டா போட்டுக் கொடுத்திருக்கிறது. அழகாக இருந்ததெல்லாம் வாடகைக்குக்கூடத் தங்க மாட்டேன் என்கிறது.

மருந்தாளுநர் டிப்ளமோ படிக்கும்போது அதற்கு ஒரு வழி கிடைத்தது. மருந்துப் பெயர்களை உருப்போடுவதற்காகத் தோழி ஒருத்தி கைப்பேசியில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தாள். அட்டையின் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். சரியாகச் சொன்னால் அந்த அட்டை சில நாள் கழித்து வரும், அப்புறம் ஒரு மாதம், அப்புறம் நாலைந்து மாதம் என்று தள்ளித் தள்ளி வரும். மறந்துவிட்டது என்று அமுக்கினால் மறுநாளே வந்து நிற்கும். நினைவு நழுவப் போகிற சமயம் பார்த்து வந்து உலுக்குவதுதான் அதன் வித்தை. பள்ளிக்கூடத்தில் திருப்புதல் என்பார்களே, அதேதான். இதற்கு வாத்தியாரும் பிரம்பும் தேவையில்லை.

பரீட்சை முடிந்ததும் மற்றவர்கள் செயலியை அழித்தார்கள். உமா அதில் நாவல்களைப் போட்டாள். கதைச் சுருக்கமெல்லாம் போட மாட்டாள். 'வீட்டை விட்டுக் கிளம்பியவள் எதை எடுக்கத் திரும்பி வந்தாள்?' என்று ஓர் அட்டை. 'அந்த இடத்தில் உனக்கு ஏன் அழுகை வந்தது?' என்று அடுத்தது. முதல் கேள்விக்குப் பதில் எப்போதும் ஒன்றுதான். இரண்டாவதற்கு ஒவ்வொரு முறையும் வேறு பதில் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் சொன்ன காரணம் கல்யாணத்துக்குப் பின்னால் செல்லவில்லை. பழைய பதிலை அடித்துப் புதிதாக எழுதுவாள். ஓவியங்களையும் அப்படியே வைத்திருந்தாள். புதுச்சேரிக் கண்காட்சிகளில் எடுத்த படங்களில் ஒரு மூலையைக் கறுப்புக் கட்டத்தால் மூடிவிட்டு, அங்கே என்ன இருக்கிறது என்று தன்னையே கேட்பாள். ஒரு படத்தை ஏழெட்டு வருஷமாக இப்படிப் பார்த்து வந்தால், அதிலிருக்கிற ஆட்கள் அக்கம்பக்கத்துக்காரர்கள் மாதிரி ஆகிவிடுகிறார்கள்.

காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் நூர் அகமது பாயின் மருந்துக்கடை. உமாவுக்கு அங்கேதான் வேலை. கூட்டம் இல்லாத நேரத்தில் கவுண்டருக்கு அடியில் கைப்பேசியை வைத்து அட்டைகளைத் தள்ளிக்கொண்டிருப்பாள். மின்துறையில் லைன்மேனாக இருந்த புருஷன் செந்தில்குமார், "எல்லாப் பொம்பளையும் ரீல்ஸ் பாக்குறா, எம் பொண்டாட்டி பாடம் படிக்கிறா" என்று ஊரெல்லாம் கேலி பண்ணினான். கேலிதானே, போகட்டும் என்று இருந்தாள்.

அந்தக் கடை வாசலில்தான் தியாகராசனை வெட்டினார்கள்.

நெடுங்காட்டுக்காரர். வடிகால் வாய்க்காலைத் தூர்த்து மனைப்பிரிவு போட்டவர்களை எதிர்த்து மனு மேல் மனுவாகக் கொடுத்தவர். காலை நேரம், கவுண்டரில் நின்று உமாவிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். பைக் ஒன்று வந்து நின்றது. பின்னால் இருந்தவன் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினான். முதல் வெட்டு கழுத்தில் விழ வேண்டியது, அவர் திரும்பியதால் தோளில் இறங்கியது. இரண்டாவது வெட்டைத் தடுக்கப் போன கையின் விரல்கள் கண்ணாடிமேல் தெறித்தன. அவர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டே சரிந்தார். இருமல் மருந்துப் பாட்டில்கள் அவரோடு சரிந்து நொறுங்கின. விழுந்தவரை அவன் விடவில்லை, குனிந்து குனிந்து வெட்டினான். அப்படிக் குனிந்ததில் துண்டு நழுவியது. நிமிர்ந்தவனும் உமாவும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டார்கள். ரஞ்சித்குமார். மனைக்காரர்களுக்கு அடியாள், அந்தத் தெருவில் அவனைத் தெரியாதவர் இல்லை.

எதிரே டீக்கடையில் ஒரு கூட்டமே இருந்தது. போலீஸ் வந்து கேட்டபோது ஒருவர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாராம், இன்னொருவர் கண்ணில் தூசி விழுந்ததாம். பார்த்தேன் என்று சொன்னது உமா ஒருத்திதான். அன்றைக்குச் சாயங்காலம் தியாகராசனின் மனைவி வடிவாம்பாள் மார்பில் அறைந்துகொண்டு கடைக்கு வந்தாள். கழுவியும் போகாத தரையைப் பார்த்தாள். உமாவின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். "நீ மட்டும்தான் பார்த்துருக்க. கோர்ட்டுல வந்து சொல்லுவியா? மறந்துற மாட்டியே?"

"மறக்க மாட்டேங்க்கா" என்றாள் உமா.

வார்த்தை கொடுத்தாயிற்று. ஆனால் கொலை வழக்கு நாளைக்கே வருவதில்லை. வருஷக்கணக்கில் இழுக்கும், அதற்குள் வக்கீல் கேட்கிற கேள்வியில் கால்வாசி மறந்துபோயிருக்கும் என்று ஊரே சொன்னது. மறதியை ஜெயிக்க உமாவுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். கொலையை அட்டை போட்டாள். 'துண்டு என்ன நிறம்?' 'முதல் வெட்டு எங்கே?' 'பைக் எந்தப் பக்கம் திரும்பியது?' சரியாகத்தான் பதில் சொன்னாள். என்றாலும், நாலு மாதம் தள்ளிப்போய் அதற்குள் மறந்து தொலைத்தால் என்ன செய்வது என்று பயம். அதனால் தெரிந்த பதிலுக்கும் மறந்துவிட்டது என்று அமுக்கினாள். மறுநாளே வந்தது. மறுபடி அமுக்கினாள். புத்திசாலித்தனம் என்றுதான் நினைத்தாள். தியாகராசனைத் தன் கையாலேயே தினமும் காலையில் வெட்டக் கொடுத்துவிட்டு அப்புறம் கடை திறந்தாள்.

சோற்றில் கைவைத்தால் விரல்கள் நினைவுக்கு வந்தன. கறிக்கடைப் பக்கம் போவதை விட்டாள். நாவல் அட்டைகளும் ஓவிய அட்டைகளும் பார்ப்பாரில்லாமல் குவிந்துகிடந்தன. கொலை அட்டைகளை முடித்தபின் வேறெதையும் தொட அவளுக்குத் தெம்பு இருக்காது.

ரஞ்சித்குமார் ஜாமீனில் வந்ததும் வெளியிலிருந்தும் அடி தொடங்கியது. ஒருநாள் கல் வந்து கடைக் கண்ணாடியை உடைத்தது. நூர் அகமது பாய் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டே, "கண்ணாடி என்னம்மா, மாத்திக்கலாம். அல்லாஹ் போதுமானவன். நீங்க நாளைக்கு வேலைக்கு வாங்க, அது போதும்" என்றார். செந்தில்குமாரின் வண்டியை மின்துறை அலுவலகத்துக்கு எதிரிலேயே பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். அன்றைக்கு அவன் குடித்துவிட்டு வந்து, "ஊருல எவனுக்கும் இல்லாத கண்ணு உனக்கு மட்டும் எங்கேருந்துடி வந்துச்சு?" என்று கையை ஓங்கினான். உமா தோசைத் திருப்பியை எடுத்து நீட்டினாள். "அடி. அடிச்சீன்னா அதையும் கார்டு போட்டு வச்சிக்குவேன். சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன்." ஓங்கிய கை இறங்கிவிட்டது. அதன்பிறகு அவன் தினமும் நடந்தே கூட வந்து அவளைக் கடைவரை விட்டுப் போனான்.

ஒரு மத்தியானம் அவள் ஷட்டரை இறக்கும்போது இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் அவள் கையை முதுகுப்பக்கமாக முறுக்கினான். "கூண்டுல ஏறினீன்னா உன் விரலையும் கண்ணாடியில ஒட்ட வச்சிருவோம்" என்றான். தோளில் ஏதோ பட்டென்று அறுந்தது. வலியில் கண் இருண்டது. ஆனால் மறுகையில் ஷட்டர் இழுக்கிற கம்பி இருந்ததை அந்த மடையன் கவனிக்கவில்லை. அவள் தெட்சிணாமூர்த்தியின் மகள். சுழற்றி வீசியதில் ஒருவனுக்குப் புருவம் பிளந்து கண்ணெல்லாம் ரத்தம். மற்றவன் ஓடினான். விழுந்தவனை உமா மேலும் இரண்டு போட்டாள். அந்த இரண்டு தேவையில்லாததுதான். இருந்தாலும் போட்டாள், அதில் ஒரு சுகம் இருந்ததை அவளே உணர்ந்து பயந்தாள்.

கடைசியில் சாட்சி சொல்லும் நாள் குறித்தார்கள். முந்தின நாள் அரசு வக்கீல் ஜவஹர் அலி அவளை அழைத்து உட்கார வைத்துக் கேள்விகளை ஓட்டிப் பார்த்தார். "எந்தக் கையால வெட்டினான்?" என்றார்.

"இடது கைங்க. மணிக்கட்டுல கறுப்புக் கயிறு கட்டியிருந்தான்."

ஜவஹர் அலிக்கு முகம் மலர்ந்தது. ரஞ்சித்குமார் நொட்டாங்கைக்காரன் என்பது ஊரறிந்தது. "போலீஸ்ல இதை நீங்க சொல்லலம்மா. ஆனா சொல்லுங்க, ரொம்ப உதவும்" என்றார். நல்ல சேதி காற்றைவிட வேகமாகப் போகும். சாயங்காலத்துக்குள் இடது கை விஷயம் வடிவாம்பாளுக்கும் தெரிந்தது, எதிர்த்தரப்புக்கும் தெரிந்தது.

ராத்திரி உமா படபடப்பை ஆற்ற, நெடுநாளாகத் தொடாமல் விட்டிருந்த ஓவிய அட்டைகளைத் திறந்தாள். நாலாவதாக ஒரு மீன் சந்தை வந்தது. பெரிய வஞ்சிரத்தை ஒருவன் வெட்ட ஓங்குகிறான். ஓங்கிய கை இருந்த இடத்தில் கறுப்புக் கட்டம். 'எந்தக் கை? மணிக்கட்டில் என்ன?' என்பது கேள்வி. "இடது கை. கறுப்புக் கயிறு" என்று வாய்விட்டே சொன்னாள். கட்டம் விலகியது. இடது கை, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு.

அது ரஞ்சித்குமாரின் கை இல்லை. புதுச்சேரியில் யாரோ வரைந்த மீன்காரனின் கை. தொடக்கத்தில் கொலை அட்டைகளும் இதுவும் அடுத்தடுத்து வந்துவந்து, எப்போதோ ஒன்றின் கை மற்றதற்குப் போய்விட்டது. ஊர் அவனை நொட்டாங்கைக்காரன் என்றதும் சேர்ந்துகொள்ள, அது ஆணியடித்த மாதிரி நின்றுவிட்டது; அதற்கும் ஓர் அட்டை போட்டிருந்தாள். நிஜத்தில் எந்தக் கை? கண்ணை மூடிப் பார்த்தாள். அரிவாள் இறங்கியது, கை தெரியவில்லை. இப்படி ஒரு பொய்யை மந்திரம்போலத் தினமும் ஜபித்திருக்கிறோமே என்று கைப்பேசியைச் சுவரில் எறிந்தாள். முகமாவது நிஜமா என்று அடுத்த பயம் பிடித்தது. முகத்துக்கு அவள் அட்டையே போட்டதில்லை. அது தேவைப்படவும் இல்லை. அது அவன்தான்.

மறுநாள் கூண்டில் ஏறினாள். எதிரே ரஞ்சித்குமார் அவளை இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றான். பின்வரிசையில் வடிவாம்பாள். ஜவஹர் அலி வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். துண்டு நழுவியதைச் சொன்னாள், பார்த்த முகத்தைக் கைநீட்டிக் காட்டினாள். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"எந்தக் கையால வெட்டினாரு?"

"தெரியாதுங்க."

ஜவஹர் அலி அதிர்ந்து நிமிர்ந்தார். எதிர்த்தரப்பு வக்கீலோ கையில் தயாராக எடுத்து வைத்திருந்த ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், காகிதத்தை மெதுவாகக் கீழே வைத்தார். பிறகுதான் தெரிந்தது. கொலைக்கு முந்தின வாரம் பாட்டில் குத்தி ரஞ்சித்குமாரின் இடது உள்ளங்கையில் தையல் போட்டிருந்தார்கள். அந்தக் கையால் அரிவாளைப் பிடித்திருக்கவே முடியாது. இடது கை என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து விழுவதற்காகத் தையல் போட்ட டாக்டரை வெளியே உட்கார வைத்திருந்தார்கள்.

குறுக்கு விசாரணைக்கு எழுந்தவர் வேறு வழியில் பாய்ந்தார். "நீ இதையெல்லாம் போன்ல போட்டு மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்க. உண்மையா, இல்லையா?"

"உண்மைங்க. தினம் படிச்சேன். அதுல ஒண்ணு தப்பாப் பதிஞ்சிருச்சு. அதனாலதான் கையைச் சொல்லல. முகத்தை நான் படிக்கல. பார்த்தேன்."

வெளியே வராந்தாவில் ஜனத்துக்கு நடுவில் வடிவாம்பாள் அவளை அறைந்தாள். காதுக்குள் ரீங்காரம் கேட்டது. "நேத்து வரைக்கும் தெரிஞ்ச கை இன்னிக்கு எப்படித் தெரியாமப் போச்சு? எவ்வளவு குடுத்தானுங்க?" என்று மறுபடி கை ஓங்கியவளைப் பெண் போலீஸ் இழுத்துப் போனது. செந்தில்குமார் பாய்ந்து வந்தான். உமா அவனைத் தடுத்தாள். அறை வாங்கிய கன்னத்தைவிட அந்தக் கேள்வி அதிகமாக எரிந்தது.

தீர்ப்பு வந்தபோது ரஞ்சித்குமாருக்கு ஆயுள் தண்டனை. தெரியாததைத் தெரியாது என்று சொன்ன சாட்சியை, தெரிந்ததில் நம்பலாம் என்று நீதிபதி எழுதியிருந்தார். அவனை வண்டியில் ஏற்றும்போது அவனுடைய ஆட்கள் கல்லெறிந்தார்கள். ஒரு கல் உமாவின் உதட்டைக் கிழித்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டு, அங்கேயே நின்று கொலை அட்டைகள் எல்லாவற்றையும் அழித்தாள்.

மறுநாள் வடிவாம்பாள் கடைக்கு வந்தாள். மருந்துச் சீட்டு எதுவும் இல்லை. கவுண்டரில், தியாகராசன் நின்ற இடத்திலேயே வந்து நின்றாள். உமாவின் தையல் போட்ட உதட்டைப் பார்த்தாள். மன்னிப்பு என்ற வார்த்தை அவள் வாயில் வரவில்லை, உமாவும் அதை எதிர்பார்க்கவில்லை.

"அந்தக் கார்டையெல்லாம் வச்சிருக்கியா?"

"அழிச்சிட்டேங்க்கா."

"அழிச்சிட்டியா? அதுல அவரு இருந்தாரேடி. கடைசியா அவரை உசுரோட பார்த்தவ நீதானே. சொல்லு. வந்து நின்னப்ப என்ன கேட்டாரு? முகம் கடுகடுன்னு இருந்துச்சா? சிரிச்சாரா?"

உமா தேடினாள். துண்டின் நிறம் வந்தது. அரிவாள் வந்தது. கண்ணாடியில் ஒட்டிய விரல்கள் வந்தன. அதற்கு முன்னால் எதுவுமே இல்லை. அவர் என்ன சட்டை போட்டிருந்தார்? என்ன மருந்து கேட்டார்? வெட்டியவனை வருஷக்கணக்கில் தினமும் திருப்பிப் பார்த்திருக்கிறாள். வெட்டுப்பட்டவரை ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. நாவலில் வருகிற, இல்லாத ஒருத்திக்கு அத்தனை அட்டை போட்டவள், எதிரில் நின்ற மனுஷருக்கு ஒன்றுகூடப் போடவில்லை. 'சிரிச்சாருக்கா' என்று ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அதுவும் ஒரு மீன்காரனின் கைதான்.

"தெரியலக்கா" என்றவள் தலையில் மடார் மடாரென்று அடித்துக்கொண்டாள். வடிவாம்பாள் கவுண்டருக்கு மேலாக எட்டி அந்தக் கையைப் பிடித்தாள்.

"அன்னிக்குக் காலையில எங்களுக்குள்ள சண்டை. மனுவை வாபஸ் வாங்குங்கன்னேன். இட்லித் தட்டைத் தூக்கி எறிஞ்சாரு. 'போய்த் தொலைங்க, திரும்பி வராதீங்க'ன்னு கத்துனேன். அந்தக் கோவத்தோடயே போய்ட்டாரான்னு தெரியணும். வேற ஒண்ணும் இல்ல."

உமா கண்ணைத் துடைத்தாள். இத்தனை வருஷம் நாவல்களிடமும் படங்களிடமும் கேட்டுப் பழகியவளுக்கு, எதைக் கேட்க வேண்டும் என்று அப்போது பிடிபட்டது. "தட்டு எங்கக்கா விழுந்துச்சு?"

"வாசப்படிக்கிட்ட."

"நீங்க கத்துனதுக்கு அப்புறம் அவரு என்ன பண்ணாரு?"

"போய்ட்டாரு."

"உடனேயா? செருப்பைப் போட்டுக்கிட்டாரா? வண்டிச் சாவி எங்க இருந்துச்சு?"

வடிவாம்பாள் எரிச்சலோடு வாயைத் திறந்து, அப்படியே நின்றாள். சண்டையை எத்தனை ஆயிரம் தடவை நினைத்திருப்பாள்! சண்டைக்குப் பின்னால் இருந்த கொஞ்ச நேரத்தை அவளும் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. நெற்றி சுருங்கியது. பிடித்திருந்த உமாவின் கையை இன்னும் இறுக்கினாள்.

"சாவி ஆணியில இருந்துச்சு. எடுக்க வந்தாரு. குனிஞ்சாரு. கீழ கெடந்த இட்லி ஒண்ணை எடுத்து, மண்ணை ஊதிட்டு, வாயில போட்டுக்கிட்டாரு. ஊதித் தின்னுட்டுத்தாண்டி போனாரு."

"நல்லா ஞாபகம் இருக்காக்கா? வேற நாளா இருக்கப்போவுது."

"என் வீட்டுத் தரைடி அது. நாந்தானே கழுவுனேன். நாலு இட்லி வச்சேன், மூணுதான் கெடந்துச்சு." சொல்லிவிட்டு, புருஷன் செத்த அன்றைக்குக்கூட அழாத அளவுக்கு கவுண்டர்மேல் கவிழ்ந்து ஓலமிட்டு அழுதாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். உமா தடுக்கவில்லை. கைப்பேசியை எடுத்து, 'தட்டை எறிந்தபின் அவர் என்ன செய்தார்?' என்று தட்டினாள்.

அழுது முடித்து, முந்தானையில் மூக்கைச் சிந்திய வடிவாம்பாள் தன் பையிலிருந்து பழைய கைப்பேசியை எடுத்து நீட்டினாள். "என் போன்லயும் அதைப் போட்டுக் குடு, உமா. நாளைக்கும் கேக்கட்டும்."